நாற்பத்து மூன்று வயதுச் சிறுவன்

அன்பரசுவின் அப்பா தேவசகாயம் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு இறந்துபோனார். அன்பரசு இன்னும் சிறுவன்தான் என்கிற விஷயம் அன்றே பதினோரு மணிக்குத் தெரியவந்தது.

அதுவரைக்கும் அவனுக்கு அப்படி ஒரு சந்தேகம் எழுந்ததில்லை. வயது நாற்பத்து மூன்று. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பிட்டர். காதோரம் நரைத்துவிட்டது, இடது முழங்கால் படியேறினால் வலிக்கும். மனைவி இசைவாணி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் அறிவழகன், அம்மா சவரியம்மாள். கடலூர் ஓ.டி.யில் இரண்டு அறை ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பா. ஷிப்டு முடிந்து வந்தால் அப்பாவைக் குளிப்பாட்டுவதும், மல ஜலம் எடுப்பதும், புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடுவதும் அன்பரசுவின் வேலை. இதெல்லாம் சிறுவர்கள் செய்கிற வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு சுப்பராயலு பந்தல் காண்ட்ராக்ட் எடுப்பவர். சாவுச் செய்தி கேட்டு அரை மணி நேரத்தில் சாமியானா போட்டு, ஃப்ரீசர் பெட்டி வரவழைத்து, நாற்காலி இறக்கிவிட்டார்.

"மச்சான், நீ கோயிலுக்குப் போயி குழி வெட்ற சீட்ட வாங்கிட்டு வந்துடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

சவரியம்மாள் பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்தாள். "அவர எம் பொண்ணு குழியிலயே வைங்கடா," என்றாள். "அதத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அன்பரசுவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள். ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தை ஒட்டி அவள் குழி. நடக்க முடிந்த காலம்வரை அப்பா ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ப் புல் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

சபை அலுவலகத்தில் கிளார்க் ராஜவேல் அனுதாபத்தோடு எழுந்து நின்றான், அனுதாபத்தோடு உட்கார்ந்தான், கம்ப்யூட்டரில் தட்டினான். பிறகு திரையையும் அன்பரசுவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, உங்க பேர்ல ஒரு சிக்கல் காட்டுது. நீங்க பையன்னு காட்டுது."

"யாரு பையன்?"

"நீங்கதாண்ணே. சிறுவர் பதிவேட்டுல இருக்கீங்க."

விஷயம் இதுதான். நடுநாட்டு நற்செய்திச் சபை போன வருடம் புருஷ முதிர்ச்சித் துறை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. தலைமையகம் சிதம்பரம். இளைஞர்கள் பொறுப்பில்லாமல் திரிகிறார்கள், ஆண்கள் ஆண்களாக இல்லை, இதனால் சபையும் தேசமும் நலிகின்றன என்று கமிட்டி கண்டுபிடித்தது. ஒரு தீர்மானம் போட்டு, சபையின் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் சிறுவர்களாக்கிவிட்டார்கள். மூன்று நாள் முகாமுக்குப் போய்த் தேறியவர்கள் மட்டும் திரும்ப ஆண்களானார்கள். சுற்றறிக்கையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். அப்போது ஆலையில் அரவை சீசன். அன்பரசு இரண்டு ஞாயிறும் பாய்லருக்குப் பக்கத்தில் இருந்தான்.

"கல்லறைச் சீட்டுல முதிர்ந்த புருஷன்தாண்ணே கையெழுத்துப் போடணும்," என்றான் ராஜவேல். "இன்னொன்னும் இருக்கு. அப்பாவும் பையனாதான் காட்டுது."

"எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு ராஜவேலு."

"வயச சாப்ட்வேர் கேக்கலண்ணே. முகாமுக்கு வந்தாரான்னுதான் கேக்குது."

"படுத்த படுக்கையா இருந்தாருப்பா."

"லீவு லெட்டர் குடுத்திருக்கணும்." ராஜவேல் குரலைத் தாழ்த்தினான். "சிறுவர் குழின்னா நாலடி நீளந்தாண்ணே அனுமதி. அப்பா நல்ல உசரம் வேற."

ஆனால் வழி இல்லாமல் இல்லை. இறந்தவருக்குத் துறை ஒரு சலுகை வைத்திருந்தது. முதிர்ந்த புருஷனான மகன், தன் தகப்பனும் முதிர்ந்தவராகவே வாழ்ந்தார் என்று உறுதிமொழி கொடுக்கலாம். கொடுத்தால் ஆறடி. குடும்பக் குழியையும் திறக்கலாம். அதற்கு மகன் முதலில் முதிர வேண்டும்.

அன்பரசு சபைப் போதகரான ஐயரைப் பார்க்கப் போனான். முப்பது வயது ஐயர், போன மே மாதம்தான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தவர். அன்பரசு சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடக்க ஆராதனை மட்டும்தான் அண்ணே என் கையில. மண்ணு துறையோட கையில."

"நீங்க ஒரு வார்த்த பேசினா..."

"நானே போன மாசம்தாண்ணே ஆம்பள ஆனேன். ரெண்டு தடவ பெயில். ஒரு ஆறு மாசம் பையனாவே இருந்துதான் கல்யாணம்லாம் நடத்தி வச்சேன். இப்ப போயி நான் பேசினா திரும்ப எறக்கிடுவாங்க." அவர் நிஜமாகவே பயந்திருந்தார். "சிதம்பரத்துல முகாம் நடந்துக்கிட்டிருக்கு. நாளைக்குக் கடைசி நாள். டைரக்டர நேர்ல பாருங்க. துக்க அவசரப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு."

சாயங்காலம் சுப்பராயலு இதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "எங்க ஜனங்க சுடுகாட்டுல எடம் இருக்குது மச்சான். நான் ஊர்ல பேசறேன். யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க."

சவரியம்மாள் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். "முப்பத்தஞ்சு வருசமா அந்தக் கொழந்த தனியா கெடக்குது."

சுப்பராயலு பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்.

புதன்கிழமை விடிந்ததும் அன்பரசு சிதம்பரம் பஸ் ஏறினான். பெரியப்பட்டு தாண்டுவதற்குள் இசைவாணியின் போன் வந்தது. தெருவில் கரண்ட் இல்லை. டிரான்ஸ்பார்மரில் ஏதோ வெடித்திருக்கிறது. ஃப்ரீசர் பெட்டிக்கு சுப்பராயலு ஜெனரேட்டர் தேடி அலைகிறார்.

"துறைமுகத்துல ஐஸ் பார் வாங்கியாரச் சொல்லு," என்றான்.

"சொல்லிட்டேன் மாமா. நீங்க சீக்கிரம் வந்துடுங்க."

முகாம் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் சிங்கம் போட்ட பேனர். உள்ளே பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் நாற்பது பேர், சிங்கம் போட்ட பனியனில், ஆளுக்கொரு தெர்மாகோல் வாளோடு நின்றார்கள். துக்க அவசரப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு போட்டோ. பனியன் கடைசியாக மிச்சமிருந்த அளவுதான் கிடைத்தது. அன்பரசுவுக்கு அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. சிங்கத்தின் முகம் இரண்டு பக்கமும் இழுபட்டு, சிரிப்பதுபோல இருந்தது.

"அங்கிள், நீங்க சமையல் மாஸ்டரா?" என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான்.

"இல்லப்பா. நானும் உன்ன மாதிரிதான்."

டைரக்டர் டாக்டர் ஜெயப்பிரகாஷ் மேடையேறினார். அறுபத்தைந்து வயது இருக்கும். மீசை கறுப்பாக, நேராக இருந்தது. மைக்கை அவர் பிடித்த விதத்தில் அது தப்பித்துப் போய்விடும் என்று பயப்படுகிறவர் மாதிரி தெரிந்தார்.

"என் அன்புச் சிறுவர்களே! முதிர்ந்த கிறிஸ்தவ ஆண் யார்? அவன் தலை. தலை பேசும், உடம்பு கேட்கும். என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருஷத்தில் என் மனைவி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கடைசிப் பத்து வருஷமாக எந்த வார்த்தையும் பேசியது கிடையாது. அவ்வளவு சமாதானம்! எனக்கு இரண்டு மகன்கள். என் கையால் வார்த்து எடுத்தவர்கள். ஒருவன் கனடா, ஒருவன் ஆஸ்திரேலியா. அப்பா, அது வேண்டும், இது வேண்டும் என்று போன் பண்ணித் தொந்தரவு செய்வது கிடையாது. போனே பண்ணுவது கிடையாது. அதுதான் முதிர்ச்சி. என் தகப்பனார் இறந்த அன்று நான் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தேன். துண்டுச் சீட்டில் செய்தி வந்தது. படித்தேன். மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். அஜெண்டாவில் மிச்சம் ஆறு பொருள் இருந்தது. ஆறையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு ஆறாவது பொருள் என்ன தெரியுமா? கூட்ட அறைக்கு எத்தனை மின்விசிறி என்பது. இன்றைக்கு வரைக்கும் அந்த மின்விசிறிகள் ஓடுகின்றன!"

பையன்கள் வாளை உயர்த்திக் கர்ஜித்தார்கள். கர்ஜிப்பது பயிற்சியில் ஒரு பகுதி. அன்பரசுவும் கர்ஜித்தான். இருபத்தெட்டு மணி நேரமாக அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை, அதனால் சத்தம் சரியாக வரவில்லை. மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்தது குடும்பத் தலைமைப் பயிற்சி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் புடவை சுற்றி வைத்திருந்தார்கள். அது மனைவி. ஒவ்வொருவராகப் போய் அதன் முன் நின்று ஒரு தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கல்யாணமே ஆகாத பையன்கள் கணீரென்று அறிவித்தார்கள். "இனிமே நான் சொல்றதுதான்!" "உங்க அம்மா வீட்டுக்குப் போவக் கூடாது!" நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

அன்பரசுவின் முறை வந்தது. நாற்காலியைப் பார்த்தான். அதே மாதிரிப் பச்சைக் கரைப் புடவை ஒன்று இசைவாணியிடமும் உண்டு.

"கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டான்.

மேற்பார்வையாளர் மறுபடி குறித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஜெபத் தேர்வு. முதிர்ந்த ஆண் சபை நடுவே பதினோரு நிமிடம் நிறுத்தாமல் சத்தமாக ஜெபிக்க வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் இடைவெளி விட்டால் தோல்வி. ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலையில் கேள்வி கேட்ட பையன் அன்பரசுவின் காதில் சொன்னான்: "அங்கிள், ஒண்ணும் தோணலன்னா ஆண்டவரே ஆண்டவரேன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நான் நாலு நிமிசம் அப்படித்தான் ஓட்டினேன்."

அன்பரசு கண்ணை மூடினான். சபைக்காக, தேசத்துக்காக, டைரக்டருக்காக, மின்விசிறிகளுக்காக எல்லாம் ஜெபித்தான். இரண்டு நிமிடத்தில் அதெல்லாம் தீர்ந்துபோயிற்று. பிறகு அவனை அறியாமல் வேறு மாதிரி வந்தது. "ஆண்டவரே, திங்கக்கெழம ராத்திரி அப்பா தண்ணி கேட்டாரு. ஸ்பூன்ல குடுத்தேன். முழுங்கல. ஓரமா வழிஞ்சிச்சு. தொடச்சேன். என் கைய புடிச்சிக்கிட்டாரு. நானு காலைல ஷிப்டு, தூங்கணும்ப்பான்னு சொல்லி கைய எடுத்துக்கிட்டேன்..."

அங்கே நின்றுபோனது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. பதினாறு விநாடி என்று அறிவித்தார்கள்.

மத்தியானம் சுப்பராயலு போன் பண்ணினார். "மச்சான், ஜெனரேட்டர் கெடைச்சுது, ஓடல. ஐஸ் பார் எட்டு போட்டாச்சு. கரஞ்சிக்கிட்டே இருக்குது. வெயில் ஜாஸ்தி. நாளைக்குக் காலைக்கு மேல தாங்காது, சொல்லிட்டேன்." பிறகு, "அம்மா எழுந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. புடவையெல்லாம் ஐஸ் தண்ணி," என்றார்.

நாலு மணிக்கு நேர்முகத் தேர்வு. டைரக்டர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட்.

"வீட்டில் சமையல் யார்?"

"ஷிப்டப் பொறுத்துங்க ஐயா. எனக்கு மதியம் ஷிப்டுன்னா காலைல நான் செய்வேன்."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தகப்பனாரை யார் பராமரித்தது?"

அன்பரசுவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த ஒரு கேள்விக்காவது சரியான பதில் தன்னிடம் இருக்கிறது என்று நினைத்தான். குளிப்பாட்டியது, டயபர் மாற்றியது, முதுகில் புண் வராமல் மணிக்கொருதரம் புரட்டியது எல்லாவற்றையும் சொன்னான்.

டைரக்டர் கையேட்டைப் புரட்டினார். "இது அட்டவணை நாலில் வருகிறது. பெண்டிர் பணிகள். ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைவு. குளிப்பாட்டுதல், துடைத்தல், ஊட்டுதல், தலை வாருதல்... தலை வாரினீரா?"

"ஆமாங்க."

"அரை." குறித்துக்கொண்டார். "மனைவியை இதைச் செய்யச் சொல்லி நீர் ஏன் கட்டளையிடவில்லை?"

"அப்பா கூச்சப்பட்டாருங்க."

"இறந்த பிறகு அழுதீரா?"

அன்பரசு தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தான். பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அது துறையின் எந்த அட்டவணையில் வரும் என்று தெரியவில்லை.

"பாத்ரூம்ல, குழாயத் தெறந்து வுட்டுட்டு," என்றான்.

"எத்தனை நிமிடம்?"

"ஒரு பக்கெட் ரொம்பற வரைக்கும்."

"அழுகை என்பது பையன்களின் குணம். முதிர்ந்தவன் துக்கத்தை உள்ளே பூட்டி, சாவியைக் கர்த்தரிடம் கொடுத்துவிடுவான்."

"கர்த்தரே சிநேகிதன் கல்லறைகிட்ட அழுதாருங்களே ஐயா."

டைரக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அவர் அழுதார். ஆனால் அவர் இந்த முகாமுக்கு விண்ணப்பிக்கவில்லை. நீர் விண்ணப்பித்திருக்கிறீர்."

கூட்டிப் பார்த்தார்கள். முப்பத்து மூன்றரை. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அடுத்த முகாம் ஆகஸ்டில் என்று ஒரு உறுப்பினர் கனிவோடு சொன்னார்.

அன்பரசு எழுந்தான். மேஜையைச் சுற்றிப் போனான். சிங்கப் பனியனோடு, வலிக்கிற முழங்காலோடு, டைரக்டரின் காலில் விழுந்தான்.

"ஐயா, ஐஸ் கரஞ்சிக்கிட்டிருக்குதுங்கய்யா. எங்கம்மா அதுலயே உக்காந்திருக்காங்க. எங்கப்பாவப் பொதைக்கணும். அவ்ளோதாங்கய்யா. என்னைப் பையன்னே வச்சுக்குங்க, அவருக்கு மட்டும் ஆறடி குடுத்துடுங்க."

"எழுந்திரும். முதிர்ந்த ஆண் எவன் காலிலும் விழமாட்டான்."

அன்பரசு எழுந்திருக்கவில்லை. செருப்பின் மேல் அவன் நெற்றி இருந்தது. டைரக்டருக்கு அது பிடித்திருந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கால்களை மட்டும் அவர் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆனால்," என்றார் கையேட்டைப் புரட்டிக்கொண்டே, "இதைப் பணிவு என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேலிடத்துக்குப் பணிவு, அட்டவணை இரண்டு. அதிகபட்சம் இரண்டு மதிப்பெண்."

முப்பத்தைந்தரை. அன்பரசு புதன்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு முதிர்ந்த கிறிஸ்தவ ஆண் ஆனான்.

சான்றிதழ் தற்காலிகமானது. ஒரு நிபந்தனையும் இருந்தது. அடக்க ஆராதனை முடிந்து குழி மூடும்வரை சான்றிதழ்தாரர் கண்ணீர் விடலாகாது, துறையின் பார்வையாளர் அருகில் இருப்பார். அன்பரசு இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, தன்னால் முடியுமா என்று பரீட்சித்துப் பார்த்தான். அப்பா முகத்தை நினைத்துப் பார்த்தான். முடியவில்லை. முட்லூரில் ஏறிய ஒருத்தர், "தூசி ஜாஸ்திங்க, ஜன்னல சாத்திக்குங்க," என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டம். வேப்பமரத்தடியில் அக்காவின் குழியை ஆறடிக்குத் திறந்திருந்தார்கள். ஆலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், தெருக்காரர்கள், சபையார். சுப்பராயலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில் நின்றார். பார்வையாளராக ராஜவேல் நோட்டும் பேனாவுமாக அன்பரசுவின் முகத்துக்கு நேர் எதிரே நிறுத்தப்பட்டிருந்தான். டைரக்டரே வந்திருந்தார். துக்க அவசரப் பிரிவில் தேறிய முதல் ஆள் என்பதால் சபைப் பத்திரிகைக்குப் போட்டோ எடுக்க ஏற்பாடாகியிருந்தது.

ஐயர் பத்து நிமிடத்தில் ஆராதனையை முடித்தார். பெட்டி இறங்கியது. அப்புறம் டைரக்டர் பேசத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆகியும் தேவசகாயத்தின் பெயர் வரவில்லை. வெயில் ஏறியது. குழி வெட்டினவர்கள் மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றார்கள்.

"இதோ பாருங்கள் இந்த மனிதரை!" டைரக்டர் அன்பரசுவின் தோளைப் பிடித்தார். "நேற்றுக் காலை என்னிடம் பையனாக வந்தார். இன்று தகப்பனின் குழிக்கு முன்னால் நிற்கிறார். கண்ணில் ஒரு சொட்டு இருக்கிறதா? பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். அன்பரசு வேப்பமரத்தின் ஒரு கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய்லரில் அழுத்தம் எத்தனை, வால்வு எந்த அளவில் திறக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தாடை வலித்தது.

அப்போது சட்டையின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள். அறிவழகன். பையன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். கடித்த இடம் வெளுத்திருந்தது. கன்னம் துடித்தது. கண்ணை இமைக்காமல் அகலமாகத் திறந்து வைத்திருந்தான். இமைத்தால் விழுந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாகத் தாத்தாவுக்குத் தினத்தந்தி வாசித்துக் காட்டினவன். அப்பாவைப் பார்த்துப் பார்த்து, அப்பா மாதிரியே மரத்தின் கிளையைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான்.

"அப்பா," என்றான் மெல்ல. "நான் எப்பப்பா அழலாம்?"

அன்பரசு மகனைப் பார்த்தான். ராஜவேலைப் பார்த்தான். ராஜவேல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இப்பவே அழுடா," என்றான் அன்பரசு.

 அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான். பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதான். அது குழாயைத் திறந்துவிட்டு அழுகிற அழுகை அல்ல. "கைய எடுத்துக்கிட்டேம்ப்பா... கைய எடுத்துக்கிட்டேனே..." என்று குழியைப் பார்த்துக் கத்தி அழுதான். ஆலைக்காரர்களில் இரண்டு பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஐயர் அங்கியின் கையால் மூக்கை மூடிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

தோளிலிருந்து விடுபட்ட கையை டைரக்டர் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நிறுத்துங்கள். நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. சான்றிதழ் ரத்து. சான்றிதழ் ரத்தானால் உறுதிமொழி ரத்து. உறுதிமொழி ரத்தானால் இந்தக் குழி அனுமதியற்ற குழி. சபையாரோ வெளியாரோ, எந்த ஆணும் இங்கே மண் தள்ளக் கூடாது."

குழி வெட்டினவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். அவர்களும் போன மார்ச் மாதம் கஷ்டப்பட்டுத் தேறியவர்கள். கூட்டம் அசையாமல் நின்றது. உள்ளே பெட்டி, மேலே வெயில்.

சவரியம்மாள் ராஜவேலிடம் போனாள். "ஏம்ப்பா, பொம்பளைங்க மண்ணு தள்ளலாமா கூடாதா? உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு."

ராஜவேல் கையேட்டை முன்னாலிருந்து பின்னால் புரட்டினான், பின்னாலிருந்து முன்னால் புரட்டினான். டைரக்டர் அவனை முறைத்துக்கொண்டிருந்தார். 

"பொம்பளைங்களப் பத்தி ஒண்ணுமே எழுதலம்மா," என்றான்.

சவரியம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள். மண்வெட்டி அவளுக்குக் கனம். இசைவாணி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். இன்னொரு மண்வெட்டியை எதிர்வீட்டு ரத்தினம்மாள் எடுத்தாள். மண்வெட்டி இல்லாத பெண்கள் கையால் தள்ளினார்கள், முந்தானையில் அள்ளிப் போட்டார்கள். ஐம்பது ஆண்கள் கை கட்டி நிற்க, முக்கால் மணி நேரத்தில் குழி நிரம்பி மேடாயிற்று. போட்டோக்காரன் மட்டும் எதை எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்தான். எந்தப் படமும் பத்திரிகையில் வரவில்லை.

சனிக்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. இசைவாணி சத்தமாக வாசித்தாள்.

"மேற்படி அன்பரசு என்பவர் சிறுவர் பதிவேட்டில் மீளச் சேர்க்கப்பட்டுள்ளார். வரும் ஞாயிறு முதல் ஆலயத்தில் சிறுவர் பெஞ்சில் மட்டுமே அமரவும், ஓய்வுநாள் பள்ளிக்குத் தவறாது வருகை தரவும் பணிக்கப்படுகிறார். மேலும், காலஞ்சென்ற தேவசகாயம் அவர்களின் முதிர்ச்சி குறித்த உறுதிமொழி செல்லாததால், அன்னார் ஒரு சிறுவராகவே அடக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படுவார்."

சவரியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

"கருதட்டும்," என்றாள். "சின்னதுங்க ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்."

இனிமேல் அந்தக் கோயிலுக்கே போக வேண்டாம் என்றாள் இசைவாணி. நெல்லிக்குப்பத்தில் வேறு சபை இருக்கிறது. அன்பரசு அன்று முழுவதும் யோசித்தான். கல்லறைத் தோட்டத்துக்கு வாசல் கோயில் வளாகத்துக்குள்ளேதான் இருக்கிறது. ஞாயிறுதோறும் யாராவது போய்ப் புல் பிடுங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகனோடு கிளம்பினான். ஓய்வுநாள் பள்ளி கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நடக்கும். சிறுவர் பெஞ்சு ஒன்றரை அடி உயரம். உட்கார்ந்தபோது முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. வாசல் வழியாகப் போன ஆண்கள் சிலர் பார்க்காத மாதிரி வேகமாகப் போனார்கள். 

டீச்சர் சத்யப்பிரியாவுக்கு இருபத்து மூன்று வயது. வருகைப் பதிவை எடுத்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டாள். பையன்கள் பதில் சொன்னார்கள். கடைசிப் பெயர் புதிதாகப் பேனாவால் எழுதியிருந்தது. அங்கே வந்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள். நோட்டை மூடிவிடலாமா என்று பார்த்தாள். முப்பது பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்பரசு... அண்ணா," என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

அன்பரசு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நிமிர்த்தி, எழுந்து நின்றான்.

"உள்ளேன் டீச்சர்."